பிறர் தோலுக்காக வரைவது: பச்சை குத்தும் ஓவியங்கள் குறித்த கேள்வி பதில்

பச்சை குத்திக்கொள்ள விரும்புவோருக்கு ஓவியம் வரைந்து கொடுப்பது என் தொழில். ஊசி பிடிப்பது என் வேலையன்று. வரைந்ததைக் குத்துபவரிடம் ஒப்படைப்பதோடு என் பங்கு முடிகிறது. அந்த அளவில் நின்றே பதிலளிக்கிறேன்.

கேள்வி: நண்பருக்காக ஒரு மயிலை, இறகின் இழைகள் உட்பட, மிக நுணுக்கமாக வரைந்தேன். டாட்டூ கலைஞரோ, “தாளில் அழகாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறினேன், ஐயா?

பதில்: அவர் உங்கள் நண்பருக்கு நன்மையே செய்திருக்கிறார். ஊசி மையைத் தோலின் மேல் பூசுவதில்லை. ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், மேல்தோலுக்கு அடியிலுள்ள உள்தோலில் இறக்குகிறது. அங்குள்ள நோயெதிர்ப்பு உயிரணுக்கள் மைத்துகள்களை அந்நியப் பொருளெனக் கருதி விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க இயலாமல் அப்படியே வைத்திருப்பதால்தான் பச்சை நிலைக்கிறது. உயிருள்ள இடத்தில் தங்கும் மை அச்சிட்ட மையைப் போல அசையாமல் இருக்காது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கோடு தடிக்கும், விளிம்பு மங்கும். இன்று அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் இரண்டு இழைகள் பின்னொரு நாள் ஒரே பட்டையாகத் தெரியக்கூடும்.

ஆகவே ஓவியத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து மகிழாமல், குத்தப்போகும் அதே அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நான்கைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். அந்தத் தொலைவில் எது குழம்புகிறதோ அதை நீக்கிவிடுங்கள். மயிலின் தோகையில் முப்பது கண்கள் வேண்டியதில்லை; ஏழு கண்களைப் பெரிதாக வரைந்து, இடையே வெறுந்தோலை விட்டால் பறவை மயிலாகவே இருக்கும். நானும் தொடக்கத்தில் விரல் நீள இடத்துக்குள் ஒரு காட்டையே அடைக்க முயன்றவன்தான்.

கேள்வி: வரையத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் எவற்றைக் கேட்க வேண்டும்?

பதில்: உடலின் எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர் என்பவை முதலில், கதை அப்புறம். அந்த இடத்தை நேராகவும் இரு பக்கங்களிலிருந்தும் எடுத்த நிழற்படங்கள் தேவை. முன்கை கூம்பு போன்றது. அதைத் திருப்பும்போது தோலும் முறுக்கிக்கொள்ளும் என்பதால், அங்கே வரையும் முழு வட்டம் கை திரும்பியதும் நீள்வட்டமாகிவிடும். மடிப்பு விழும் இடத்தில் ஒரு முகத்தை வைத்தால், கையை மடக்குந்தோறும் அந்த முகமும் சுருங்கும். கதையைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் பிறந்த நாள், ராசி, குழந்தையின் பாதம், செல்ல நாய் என அனைத்தையும் ஒரே படத்தில் கேட்பவரிடம், ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு பணிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: தாயின் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு ஒருவர் கேட்கிறார். எதில் கவனம் தேவை?

பதில்: பெயரை அவர் கைப்பட எழுதி வாங்குங்கள், ‘ன’வா ‘ண’வா என்பதை நீங்களாக ஊகிக்காதீர்கள். ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் சிறியனவாக இருந்தால் நாளடைவில் உட்புறம் அடைந்து மைக்குமிழ்களாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியை ஒட்டி வைத்தால் அது எழுத்தோடு கலந்துவிடும்; விட்டுவிட்டாலோ பெயரே மாறிவிடும். இன்னொரு பொறியும் உண்டு. தமிழைச் சரியாகக் கையாளாத வரைகலை மென்பொருள்கள், ‘கொ’ என்பதன் கொம்பை முன்னால் வைக்காமல் பின்னால் தள்ளிவிடும். ஆகவே எழுத்துகளை உருவக்கோடுகளாக (outlines) மாற்றிய பிறகே கோப்பை அனுப்புங்கள்; தமிழ் படிக்கத் தெரிந்த மற்றொருவர் அதை உரக்கப் படித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: இணையத்தில் கண்ட பச்சையை அப்படியே வரைந்து தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: நான் செய்வதில்லை. குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் முகத்திலுள்ள வடிவத்தை உருவாக்கிய கலைஞர், அதே போன்ற வடிவம் ஒரு திரைப்படத்தில் வேறொரு நடிகரின் முகத்தில் இடம்பெற்றதற்காக 2011இல் படநிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. நியூசிலாந்தின் பழங்குடியினரான மாவோரி மக்களின் மரபுவழிப் பச்சையான ‘தா மோகோ’ வேறு வகையானது. அது அணிபவரின் வம்சாவளியைக் கூறுவது. அதை நகலெடுத்தால் இன்னொருவர் குடும்ப வரலாற்றை எடுத்துப் பூசிக்கொண்டதாகும்.

கேள்வி: கருமையான தோலுக்கு வண்ணங்கள் எடுக்காது என்பது உண்மையா?

பதில்: முழு உண்மையன்று. நிறமி மேல்தோலில் இருக்கிறது, மை அதற்கும் கீழே இருக்கிறது. எனவே எந்த வண்ணத்தையும் தோலின் நிறத்தினூடாகவே பார்க்கிறோம். வெளிர் மஞ்சளும் வெள்ளையும் அடங்கிவிடும். அடர் சிவப்பு, நீலம் போன்றவை நன்றாகவே தெரியும். அழுத்தமான கருங்கோட்டை முதுகெலும்பாக வைத்து வரையுங்கள்.

கேள்வி: திருத்தங்கள் முடிவின்றி நீள்கின்றன. என்ன செய்வது, ஐயா?

பதில்: ஒருவருக்காகப் பதினோரு முறை திருத்தினேன், இறுதியில் அவர் முதல் படத்தையே தேர்ந்தெடுத்தார். அதன்பின் முன்பணம் பெறாமல் வரைவதில்லை. பென்சில் வரைவில் இரண்டு திருத்தங்கள், மைக்கோடு போட்டபின் ஒன்று என முதலிலேயே எழுத்தில் தந்துவிடுகிறேன்.

கேள்வி: இறுதியாக எவற்றை ஒப்படைக்க வேண்டும்?

பதில்: உண்மை அளவில் வரைந்த வெறுங்கோட்டுப் படம் ஒன்று, நிழலும் வண்ணமும் கொண்ட படம் ஒன்று. குத்துபவர் முதலாவதிலிருந்தே, கோடுகளைத் தோலில் பதிக்க உதவும் ஸ்டென்சில் எடுப்பார். அதைத் தோலில் ஒட்டிப் பார்த்தபின் அவர் ஒரு கோட்டை நகர்த்த விரும்பினால், மறுக்காதீர்கள்.