சிம்ப்ஸன்ஸ் எங்கே சறுக்கியது? ஹோமரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

“‘த சிம்ப்ஸன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் பொற்காலம் எட்டாவது சீசனோடு முடிந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி என்னதான் கெட்டுப்போனது? அதற்குப் பிறகு வந்தவற்றைப் பார்க்கலாமா?” இதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடரின் குடும்பத் தலைவன் ஹோமர் சிம்ப்ஸனுக்குப் பணக்கவலை விட்டுப்போன நாளில்தான் தொடர் கெட்டது. சிரிப்பு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே இருந்த தரை போய்விட்டது.

நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவள். அப்பா பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டினார். மூன்று ஷிப்டு. இரவு ஷிப்டு வாரத்தில் பகலெல்லாம் வீட்டில் யாரும் சத்தம்போட்டுப் பேசக் கூடாது. அப்படி ஒரு வாரத்தில்தான் அண்ணன் தன் வகுப்புத் தோழன் வீட்டிலிருந்து ஒரு வீடியோ கேசட் வாங்கி வந்தான். அதில் இருந்தது சிம்ப்ஸன்ஸ் தொடரின் முதல் அரைமணி நேரப் பகுதி. அமெரிக்காவில் 1989 டிசம்பர் 17-ஆம் தேதி ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் கதை. சத்தத்தைக் குறைத்துவைத்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா தூக்கம் கலைந்து எழுந்து வந்து உட்கார்ந்துவிட்டார்.

கதை இதுதான். அணுமின் நிலையத்தில் ஹோமருக்குக் கிறிஸ்துமஸ் போனஸ் இல்லை என்று அறிவித்துவிடுகிறார்கள். மனைவி மார்ஜ் ஜாடியில் சேர்த்துவைத்த காசோ, மகன் பார்ட் குத்திக்கொண்டு வந்த பச்சையை அழிக்கவே தீர்ந்துபோகிறது. வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, ஹோமர் ஒரு கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடப் போகிறான். கடைசி நாளன்று சம்பளத்தை வாங்கிப் பார்த்தால் 13 டாலர். சமூகப் பாதுகாப்புக்குப் பிடித்தம், வேலையின்மைக் காப்புறுதிக்குப் பிடித்தம், பயிற்சிக்குப் பிடித்தம், உடைக்குப் பிடித்தம், தாடிக்கு வாடகை.

அப்பாவுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தவர், தாடி வாடகையில் நிறுத்தச் சொன்னார். எழுந்துபோய் மூக்குக் கண்ணாடியையும் அலமாரியிலிருந்த தன் சம்பளச் சீட்டையும் எடுத்து வந்தார். கரித்தாள் வழியாகப் பதிந்த நீல எழுத்துகள், கீழ் மூலையில் பென்சிலால் அவரே கூட்டிப் பார்த்த கணக்கு. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்: சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, தொழிற்சாலை பஸ், சீருடை. “எனக்குச் சட்டைக்குப் பிடித்தார்கள், இவனுக்குத் தாடிக்குப் பிடித்திருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த ஆண்டு அவருக்கும் தீபாவளி போனஸ் வரவில்லை. எங்களுக்கு அதை அவர் சொல்லவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தத் தொடருக்கு ‘தாடிக்காரன் படம்’ என்று பெயர்.

முதல் எட்டு சீசன்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று புலப்படும். எவ்வளவு விபரீதமான கதையாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு கட்டணச் சீட்டு இருக்கும், இல்லையென்றால் ஒரு அவமானம் இருக்கும். 1995 ஜனவரியில் வந்த, கடைக்குட்டி மேகி பிறந்த கதையைப் பாருங்கள். ஹோமர் கடன்களை அடைத்துவிட்டு, அணுமின் நிலைய வேலையை உதறிவிட்டு, தனக்குப் பிடித்த பவுலிங் கூடத்து வேலைக்குப் போகிறான். மூன்றாவது குழந்தை உண்டாகிறது. அந்தச் சம்பளம் கட்டாது. பழைய முதலாளி பர்ன்ஸிடம் தவழ்ந்துபோய் வேலையைத் திரும்பக் கேட்கிறான். பர்ன்ஸ் அவன் மேசைக்கு எதிரே ஒரு பலகை மாட்டுகிறார்: மறக்காதே, நீ இங்கேதான் கிடக்கப்போகிறாய், என்றென்றும். ஹோமர் அந்தப் பலகையின் மேல் மேகியின் படங்களை ஒட்டுகிறான். மறைந்த எழுத்துகள் போக மிஞ்சியவை வேறொரு வாசகமாகின்றன: அவளுக்காகச் செய். இருபது நிமிட நகைச்சுவை முழுவதும் அந்த ஒரு பலகைக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நான் இன்றும் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை, யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

இனி சரிவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இது பல ஆண்டுகளாக ஓயாத வழக்கு. போன தீபாவளிக்கு எல்லாரும் கூடியபோது, பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) இரவு பன்னிரண்டு மணிக்கு மேலும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் தேதியே சொல்லுவான்: 1997 செப்டம்பர் 28. ஒன்பதாவது சீசனின் இரண்டாவது பகுதி. பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர், உண்மையில் ஸ்கின்னரே அல்ல, அவர் பெயரில் வாழும் ஆர்மின் தம்ஸாரியன் என்ற வேறு ஆள் என்று அதில் காட்டிவிட்டார்கள். கடைசியில் நீதிபதி, இதைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டு எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுகிறார். எட்டு ஆண்டுகளாக நாம் அறிந்த ஒரு மனிதரை ஒரே இரவில் பொய்யாக்கிவிட்டு, அதையும் மறந்துவிடு என்றால் எப்படி என்பது அண்ணனின் ஆற்றாமை. ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரரே அந்தக் கதையை வெளிப்படையாகக் கண்டித்தவர். அந்த வகையில் அண்ணன் தனி ஆள் அல்ல.

அண்ணனின் நண்பர் ஒருவர் ஃபில் ஹார்ட்மன் பக்கம். டிராய் மெக்ளூர் என்ற மங்கிப்போன நடிகனுக்கும், லயனல் ஹட்ஸ் என்ற கேஸ் கிடைக்காத வக்கீலுக்கும் குரல் கொடுத்தவர் அவர். 1998 மே 28-ஆம் தேதி தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வேறு குரல் தேடாமல், அந்த இரண்டு பாத்திரங்களையும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அது மரியாதையான முடிவு. ஆனால் ஊரிலிருந்து இரண்டு வீடுகள் காலியானது போல ஆகிவிட்டது.

இரண்டும் நியாயமான வாதங்கள்தான். எழுத்துக் குழு மாறியதையும் பலர் சொல்வார்கள். ஏழாவது, எட்டாவது சீசன்களை நடத்திய பில் ஓக்லியும் ஜாஷ் வைன்ஸ்டீனும் விலக, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மைக் ஸ்கல்லி பொறுப்பேற்றார். ரசிகர்கள் எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. பத்தாவது சீசன் முடிந்தபோது 226 பகுதிகள் ஆகியிருந்தன. அத்தனை கதைகளைச் சொல்லி முடித்த ஊரில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது யாருக்கும் எளிதல்ல.

என் கணக்கில் திருப்புமுனை அண்ணன் சொல்லும் தேதிக்கும் முன்னால் வருகிறது. 1997 மே 4, எட்டாவது சீசன், ஃபிராங்க் கிரைம்ஸ் வரும் பகுதி. எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர். இந்தத் தொடருக்கு எல்லாரையும்விட அதிகமாக, 59 பகுதிகள் எழுதியவர்.

கிரைம்ஸ் சிறு வயதிலிருந்தே உழைத்துத் தேய்ந்தவன். அணுமின் நிலையத்தில் ஹோமருக்குப் பக்கத்தில் வேலைக்கு வருகிறான். மேலே ஒரு பவுலிங் கூடம், கீழே ஒரு பவுலிங் கூடம், நடுவில் ஓர் அறையில் குடியிருப்பு. ஹோமர் அவனை விருந்துக்கு அழைக்கிறான். வந்து பார்த்தால் மாடி வீடு, மேசையில் கல் இறால், சுவரில் விண்வெளிக்குப் போய்வந்த புகைப்படம். வேலையில் தூங்குகிறவனுக்கு இவ்வளவா என்று கிரைம்ஸுக்குப் பித்துப் பிடிக்கிறது. கடைசியில் ஹோமரைப் போலவே எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் மின்கம்பியைத் தொட்டுச் சாகிறான். சவ அடக்கத்தில் ஹோமர் தூக்கத்தில் உளறுகிறான், கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

இதை நாங்கள் பார்த்தது 1998-இல். ஆசிய நிதி நெருக்கடி முற்றிய காலம். அந்த செப்டம்பரில்தான் டாலருக்கு 3.80 என்று, நாங்கள் வெள்ளி என்று சொல்லும் மலேசிய ரிங்கிட்டைக் கட்டிவைத்தார்கள். அப்பாவின் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்று பல மாதங்களாகியிருந்தன. ஓவர்டைம் இல்லாத சம்பளம் என்றால் என்ன என்பது ஷிப்டு வேலைக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கிரைம்ஸின் சவப்பெட்டி இறங்கும்போது அப்பா சிரிக்கவில்லை. “நம் ஆள் இப்போது இந்தச் சட்டை போட்டவன்தான், தாடிக்காரன் இல்லை” என்றார்.

எனக்கு அதுவே விடை. கிரைம்ஸ் பகுதி மிகச் சிறந்த எழுத்து, அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அது ஒரு வாக்குமூலமும்கூட. 13 டாலரை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வெட்கப்பட்ட மனிதன், எட்டே ஆண்டுகளில் பிறர் பார்த்து வயிறெரியும் அதிர்ஷ்டசாலியாகிவிட்டான் என்று எழுத்தாளர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகு திருத்திக்கொள்ளவில்லை, அதே வழியில் போனார்கள். பத்தாவது சீசனில் ஹோமர் மேயருக்கு மெய்க்காப்பாளன், நெடுந்தூர லாரி ஓட்டுநர், திரை நட்சத்திரங்களுக்கு எடுபிடி என்று கதைக்கொரு வேலை பார்க்கிறான். எந்த வேலையும் போனால் வலிக்காது. 2000 பிப்ரவரியில் அடுத்த வீட்டு மாட் ஃப்ளாண்டர்ஸைச் சாகடித்தார்கள். அதற்குக் குரல் கொடுத்த நடிகையின் சம்பளத் தகராறு பின்னணியில் இருந்தது. அந்தச் சாவுக்கு ஹோமரும் ஒரு காரணம். பழைய ஹோமராக இருந்தால் அந்தப் பாரம் அவன் தோளில் தெரிந்திருக்கும்.

“ஐந்தாவது சீசனிலேயே விண்வெளிக்குப் போய்விட்டானே, அத்தை, அது மட்டும் நம்பும்படியாகவா இருந்தது?” என்று கேட்டாள் அண்ணன் மகள். அவள் பிறந்தது 2004-இல். எல்லா சீசன்களையும் கைப்பேசியிலேயே பார்த்தவள். நல்ல கேள்வி. அவன் ஏன் போனான் என்று பாருங்கள். வேலையிடத்தில் வாரந்தோறும் சிறந்த பணியாளர் விருது கொடுக்கிறார்கள். வாங்காதவன் அவன் ஒருவன்தான். அந்த வாரமும் விருது ஒரு கார்பன் குச்சிக்குப் போகிறது. பிள்ளைகள் கண்ணில் ஒரு மதிப்பு வேண்டும் என்றுதான் ராக்கெட் ஏறுகிறான். காரணம் மண்ணில் இருந்தால் கதை விண்வெளிக்குப் போனாலும் நாம் கூடப் போவோம்.

அவள் விடவில்லை. ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, “ஹோமருக்குப் பணக்கவலை போகவில்லை, அத்தை. உங்களுக்குப் போய்விட்டது” என்றாள்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. 2000-இல் நான் வேலைக்குப் போய்விட்டேன், அண்ணனும் போய்விட்டான். வீட்டில் மூன்று சம்பளம். ஹோமரைப் பார்க்கிற எங்கள் கண்ணும் மாறியிருக்கும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கிரைம்ஸைப் பார்த்தபோது எங்களுக்குக் கவலை தீர்ந்திருக்கவில்லையே. அதனால் அவள் சொன்னதில் பாதியைத்தான் ஏற்கிறேன்.

மறு பாதிக்கு அவளே சான்று காட்டினாள். மறுநாள் மாலை அப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, 2022 மே 22-இல் வந்த 33-ஆவது சீசனின் கடைசிப் பகுதியைப் போட்டாள். அந்த சீசனின் பெரும்பகுதிக்குப் பொறுப்பு மாட் செல்மன். அப்பாவின் வேலையிடத்தைப் பார்த்துவிட்டு வந்த பார்ட், நானும் இதே வாழ்க்கையைத்தான் வாழப்போகிறேன் என்கிறான். துப்புரவுத் தொழிலாளி ஒருவர், ஹியூ ஜாக்மனின் குரலில், பாட்டாகவே பாடிக் காட்டுகிறார்: பட்டம் இல்லாமல் ஒரே சம்பளத்தில் வீடு, கார், மூன்று பிள்ளைகள் என்ற உன் அப்பாவின் வாழ்க்கை இனி உனக்குக் கிடைக்காது. 1989-இல் ஏழையாகத் தெரிந்த ஹோமரின் வாழ்க்கை, 2022-இல் எட்டாத உயரத்தில் இருக்கிறது. தொடர் தன் சம்பளச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. ஆகவே பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: எட்டு சீசன்களை முழுதாகப் பாருங்கள், நடுவில் நீண்ட தூரத்தைத் தாவுங்கள், 33-ஆவதிலிருந்து மறுபடி உட்காருங்கள்.

பாட்டு முடிந்ததும் அவள் படத்தை நிறுத்தினாள். அவளுக்கு பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒப்பந்த வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையெழுத்து. “தாத்தா, இந்த வீட்டை எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?”

“இருபத்தைந்தாயிரம் வெள்ளி. மலிவு விலை வீடு.”

“ஒரே சம்பளத்திலா?”

“ஓவர்டைமும் உண்டு” என்றார் அப்பா.

அவள் கைப்பேசியில் எதையோ கூட்டிப் பெருக்கினாள். என்ன கணக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “தாடிக்காரன் வரும் இடத்திலிருந்து போடு” என்றார்.