பசுவின் மேல் முன்பற்கள் பற்றிய கேள்விக்குப் பதில்

சந்தையில் வாங்கிய பசுவுக்கு மேல்வரிசை முன்பற்களே இல்லை, கிழமாட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். பல் விஷயத்தில் வியாபாரி உங்களை ஏமாற்றவில்லை. மாடு, ஆடு, எருமை எதற்கும் அங்கே பல் முளைப்பதே இல்லை. நாக்கால் வளைத்திழுத்த புல்லை, கீழ்வரிசையின் 8 பற்களுக்கும் மேலுள்ள தடித்த ஈறுக்கும் இடையில் கவ்வி, தலையை வெடுக்கென்று அசைத்து அறுத்துக்கொள்கின்றன. அரைக்கும் வேலை உள்ளேயிருக்கும் 24 கடைவாய்ப் பற்களுடையது. கீழ்த்தாடை பக்கவாட்டில் நகர்ந்து, அம்மியில் குழவி ஓடுவதுபோல் அரைக்கும். வயதை அறியக் கீழ்வரிசையைப் பாருங்கள்: அகலமான நிலைப்பற்கள் நடுவில் இரண்டு மட்டும் இருந்தால் ஏறத்தாழ 2 வயது, எட்டும் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால்தான் (அப்போது தாராளமாகச் சண்டைக்குப் போகலாம்) கிழமாடு. ஓய்வாகப் படுத்திருக்கும்போது நன்றாக அசைபோடுகிறதா என்பதையும் கவனியுங்கள். அதை நிறுத்திவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.