பெண்களிடம் நார்சிசம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தம்பதிகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யும் உளவியலாளர் நான். நார்சிசம் என்பது தன்னையே எல்லாவற்றுக்கும் மையமாக வைத்துப் பார்க்கும் போக்கு, அப்படிப்பட்டவரை நார்சிசிஸ்ட் என்கிறார்கள். கேள்விகள் வரும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நேரில் பார்க்காத யாருக்கும் நார்சிசிஸ்ட் என்று முத்திரை குத்த மாட்டேன், நீங்கள் எவ்வளவு நீளமாக எழுதினாலும் சரி. நடத்தையைப் பற்றிக் கேளுங்கள், பேசலாம்.

ஊமைக்குயில்: மேடம், நார்சிசிஸ்ட் என்றால் தற்பெருமை அடிப்பவர், கூட்டத்தில் தன்னையே முன்னிறுத்துபவர் என்றுதான் படித்திருக்கிறேன். என் மனைவி வெளியில் பரம சாது. வீட்டில் மட்டும் நான் வாயைத் திறந்தாலே அது அவரை மட்டம் தட்டியதாக ஆகிவிடுகிறது. இதுவும் அதில் வருமா?

பதில்: வரலாம். நீங்கள் படித்தது ஒரு முகம்தான். 1991-இல் பால் விங்க் என்ற உளவியலாளர், நார்சிசத்தை அளக்கும் சில அளவுகோல்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு போக்குகள் இருப்பது தெரிந்தது. ஒன்று ஆரவாரமானது, இன்னொன்று தொட்டால் சுருங்குவது. இரண்டாவது வகையினர் மேடை ஏற மாட்டார்கள். கூச்சம், சட்டென்று புண்படுவது, 'என் அருமை யாருக்கும் தெரியவில்லை' என்ற மனக்குறை, இவைதான் வெளியே தெரியும். உள்ளே இருக்கும் எதிர்பார்ப்பு மட்டும் அதேதான்: நான் தனி, எனக்கு விதிவிலக்கு உண்டு, என் வலிதான் முதல் வலி. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில், நார்சிசம் முற்றி ஆளுமைக் கோளாறாக இருப்பதற்கு 9 அறிகுறிகள் இருக்கின்றன, குறைந்தது 5 பொருந்தினால்தான் அந்தப் பெயரைச் சொல்லலாம். அந்த 9-இல் பெரும்பாலானவை ஆரவார முகத்தை வைத்து எழுதப்பட்டவை. அதனால் அமைதியான முகம் பல நேரம் மனச்சோர்வு, பதற்றம் என்ற பெயரில் மருத்துவரிடம் வந்து அப்படியே போய்விடுகிறது.

வீட்டில் அது எப்படித் தெரியும் என்றால், உங்களுக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்று அவருக்குத் தலைவலி வரும். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் இரண்டாம் நாளே பேச்சு அவர் படும் பாட்டுக்குத் திரும்பிவிடும். 'நேற்று நீ சொன்னது எனக்கு வலித்தது' என்று நீங்கள் ஆரம்பித்த பேச்சு, கால் மணி நேரத்தில் நீங்களே மன்னிப்புக் கேட்பதில் முடியும், எதற்கு என்று உங்களுக்கே தெரியாது. சத்தம் போட மாட்டார். நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பது, உங்கள் அம்மாவிடமோ நண்பரிடமோ நீங்கள் சொல்வதற்கு முன்பே தன் பக்கக் கதையைச் சொல்லி வைத்துவிடுவது, இப்படித்தான் போகும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குணம் என்பது இளமையிலேயே தெரியத் தொடங்கி, எல்லா உறவுகளிலும் தலைகாட்டுவது. நன்றாக இருந்தவர் 6 மாதமாக மட்டும் இப்படி இருக்கிறார் என்றால் தூக்கம், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, தைராய்டு, தாங்க முடியாத ஏதோ ஒரு இழப்பு, இதையெல்லாம் முதலில் பாருங்கள்.

சண்டையைவிட சண்டைக்கு மறுநாள்தான் எனக்கு முக்கியம். கோபம் எல்லோருக்கும் வரும், சுயநலமாக நடக்காதவர் யார்? மறுநாள் வந்து 'நான் பேசியது தப்பு' என்று சொல்ல முடிகிறதா, சொன்னபின் கொஞ்சமாவது மாறுகிறதா? வருடக்கணக்கில் அது ஒருமுறைகூட நடக்கவில்லை என்றால் அதுதான் பிரச்சினை, அதற்கு என்ன பெயர் வைத்தாலும்.

வெயில்நேசன்: என் காதலி ஒரு நாளைக்கு 20 செல்ஃபி போடுகிறாள். நார்சிசம்தானே?

பதில்: இல்லை.

மூத்தவள்: எனக்கு 34 வயது. அம்மா வரும் காலடிச் சத்தத்திலேயே அன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவேன், இப்போதும். என் மதிப்பெண், என் வேலை எல்லாம் 'நான் வளர்த்த வளர்ப்பு'. ஏதாவது தவறினால் 'அப்பாவைப் போலவே இருக்கிறாய்'. தம்பி எது செய்தாலும் சரி. என்ன செய்வது அக்கா?

பதில்: காலடிச் சத்தத்தைப் படிக்கக் கற்ற குழந்தைகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். மற்றவர் மனநிலையைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பீர்கள், உங்களுக்குப் பசிக்கிறதா, கோபமா என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட தாய்க்குப் பிள்ளை தனி ஆள் இல்லை, அவருடைய நீட்சி. வெற்றி அவருடையது, தோல்வி உங்களுடையது. ஒரு பிள்ளையைத் தூக்கி வைப்பதும் இன்னொன்றின் தலையில் எல்லாப் பழியையும் போடுவதும் இதோடு சேர்ந்தே வரும். தம்பியும் தப்பிக்கவில்லை, அவர் மீதிருக்கும் சுமை வேறு மாதிரி, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியதில் முதலாவது, அவர் என்றாவது ஒப்புக்கொள்வார் என்று காத்திருப்பதை நிறுத்துவது. இதற்கு அழ வேண்டியிருக்கும், அழுங்கள். இரண்டாவது, தகவலைக் குறைப்பது. சம்பளம், கணவரோடு வந்த சண்டை, உடம்புக்கு வந்தது, இவை எல்லாம் பிறகு உங்கள் மீதே திரும்பி வருகிறது என்றால் சொல்லாதீர்கள். அப்புறம் எல்லை போடுவது. 'நீங்கள் இப்படிப் பேசக்கூடாது' என்பது எல்லை ஆகாது, அது வேண்டுகோள், அவர் ஏற்க மாட்டார். 'இப்படிப் பேசினால் நான் போனை வைத்துவிடுவேன், நாளை கூப்பிடுகிறேன்' என்பதுதான் எல்லை, ஏனென்றால் அதை நிறைவேற்ற அவர் சம்மதம் தேவையில்லை. முதல் சில வாரங்கள் நிலைமை மோசமாகும். உறவினர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்வார்கள். நடுவில் விட்டுக்கொடுத்தால் எவ்வளவு அழுத்தினால் நீங்கள் வளைவீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

முக்கியமாக, 'நீங்கள் நார்சிசிஸ்ட்' என்று அவரிடம் சொல்லாதீர்கள். பலனே இல்லை.

கணக்குப்பிள்ளை: ஏன் மேடம் சுற்றி வளைக்கிறீர்கள்? பெண்களிடம்தான் இது அதிகம், வெளியே சொன்னால் பிரச்சினை என்று யாரும் பேசுவதில்லை.

பதில்: எல்லோரும்தான் பேசுகிறார்கள், கணக்குதான் வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய தேசிய ஆய்வு 2008-இல் வெளியானது. வாழ்நாளில் இந்தக் கோளாறு இருந்தவர்கள் ஆண்களில் 7.7 சதவீதம், பெண்களில் 4.8 சதவீதம். 2015-இல் எமிலி கிரிஜால்வா குழுவினர் 4,75,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்ததிலும் ஆண்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம், குறிப்பாக 'எனக்கு உரிமை உண்டு' என்று பிறரைப் பயன்படுத்திக்கொள்ளும் பகுதியில். தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் மேலே சொன்ன தொட்டால் சுருங்கும் வகையில் அந்த ஆய்வில் இருபாலருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

நீலாம்பல்: அப்படியானால் தலைப்பே தப்பு. ஆண் பிடிவாதமாக இருந்தால் தலைமைப் பண்பு, பெண் 'முடியாது' என்றால் நார்சிசிஸ்ட். எதிர்த்துப் பேசும் மனைவிக்கு ஒரு புதுப் பட்டம், அவ்வளவுதான்.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். பெண்ணை இந்தச் சொல்லால் அடிப்பது புதிதில்லை. 1914-இல் நார்சிசம் பற்றி எழுதியபோதே ஃபிராய்ட், அழகான பெண்கள் தங்களை நேசிக்கும் அளவுக்குப் பிறரை நேசிப்பதில்லை என்கிற ரீதியில் எழுதி வைத்தார். தனக்கென்று பணம் வைத்துக்கொள்ளும் பெண், மாமியாரோடு ஒத்துப்போகாத பெண், இவர்களையெல்லாம் இந்தப் பெயரோடு என்னிடம் கூட்டி வந்திருக்கிறார்கள். ஆனால் மறுபாதியும் உண்டு. தாயிடம் அடிபட்ட மகளும், தோழி ஒருத்தியால் மொத்த நட்பு வட்டத்தையும் இழந்த பெண்ணும் 'பெண் அப்படிச் செய்ய மாட்டாள்' என்ற பதிலைக் கேட்டே ஊமையாகிறார்கள். மூத்தவளிடம் போய் 'பட்டம் கொடுக்காதே' என்று சொல்வீர்களா?

நீலாம்பல்: சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப்பிள்ளை மாதிரி ஆட்கள் உங்கள் பதிலை வெட்டி எடுத்துப்போய் மனைவியிடம் காட்டுவார்கள்.

கணக்குப்பிள்ளை: என்னைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

நிழல்மரம்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு பார்டர்லைன், அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர் சொல்லி, சிகிச்சையில் இருக்கிறேன். இங்கே எழுதும் அறிகுறிகளில் பாதி என்னையே சொல்வது போல இருக்கிறது. நானும் இந்தப் பட்டியலில்தானா?

பதில்: நல்ல வேளை கேட்டீர்கள். வெளியே ஒரே புயல்தான் தெரியும், உள்ளே இருப்பது வேறு. பார்டர்லைனில் அடியில் இருப்பது விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், நான் யார் என்பதே நிலையில்லாமல் ஆடுவது. நார்சிசத்தில் அடியில் இருப்பது மதிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயம். முதலாமவர் கத்திவிட்டுக் குற்றவுணர்வில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளக்கூடும், இரண்டாமவர் கத்திவிட்டு உங்கள் மன்னிப்புக்காகக் காத்திருப்பார். இரண்டும் கலந்தும் வரும். ஒரே நடத்தைக்கு ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு வேறொரு பெயரும் எழுதப்படுகிற ஆபத்தும் இருக்கிறது, நீலாம்பலின் கோபம் இந்த இடத்தில் நியாயம். உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: சிகிச்சை எடுக்கிறீர்கள், கேட்கிறீர்கள், நிறுத்தாதீர்கள்.

பெயர் வேண்டாம்: என் மனைவி நார்சிசிஸ்டா? எப்போதும் தான் சொல்வதே சரி என்கிறார்.

பதில்: மேலே படியுங்கள்.

பெயர் வேண்டாம் 2: என் வருங்கால மனைவி நார்சிசிஸ்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மேலே படியுங்கள். இன்னொன்று, சின்ன விஷயத்தில் 'வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள். ஏமாற்றம் வருவது இயல்பு. தண்டனை வருகிறதா என்று கவனியுங்கள்.

தேன்துளி: 'நான் நார்சிசிஸ்டோ' என்று ஒருவர் சந்தேகப்பட்டாலே அவர் நார்சிசிஸ்ட் இல்லை என்கிறார்களே?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. தொட்டால் சுருங்கும் வகையினர் தங்களைப் பற்றி மணிக்கணக்கில் சந்தேகப்படுவார்கள். கடைசியாக எப்போது 'ஆனால்' சேர்க்காமல் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று யோசியுங்கள், அது இதைவிட நல்ல கேள்வி.

பாதைதேடி: பிரிகிறேன் என்றால் உயிரை விட்டுவிடுவேன் என்கிறாள். நடிப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் குடும்பத்துக்கு உடனே தெரியப்படுத்துங்கள், ஆபத்து நெருக்கம் என்று தோன்றினால் அவசர உதவியை அழையுங்கள். அதற்காகப் பிரியும் முடிவை மாற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. காவலாக நீங்கள் ஒருவரே இருந்தால் அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையும் தள்ளிப்போகும்.

மலைச்சாரல்: இவர்கள் மாறுவார்களா? மாத்திரை உண்டா?

பதில்: இதற்கென்று மாத்திரை இல்லை, கூடவே இருக்கும் மனச்சோர்வுக்குக் கொடுப்பார்கள். ஸ்கீமா தெரபி (சிறுவயதிலேயே பதிந்துபோன எண்ணப் பழக்கங்களை மாற்ற முயலும் சிகிச்சை) போன்ற நீண்டகால உளசிகிச்சைகள் உண்டு. வேலை போய், உறவு போய், தானே உடைந்து வருபவர்களிடம் மாற்றம் பார்த்திருக்கிறேன், மெதுவாக. கணவர் இழுத்து வந்தவர்களிடம் ரொம்பக் குறைவு. வீட்டில் அடியோ பயமோ இருந்தால் ஜோடியாக கவுன்சலிங் வேண்டாம், அங்கே நீங்கள் மனம் திறந்து சொன்னது அன்று இரவே உங்களுக்கு எதிராக வரும். தனியாகப் போங்கள்.

வழக்காடி: குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் அவர் நார்சிசிஸ்ட் என்று நிரூபிக்க...

பதில்: வழக்கறிஞரைப் பாருங்கள். பட்டத்தை அங்கேயும் தூக்கிப் போகாதீர்கள், தேதி போட்டு நடந்ததை எழுதி வையுங்கள்.

பெயர் வேண்டாம் 3: அவள் நார்சிசிஸ்ட் என்று அவளிடமே சொல்லிவிடலாமா?

பதில்: மூத்தவளுக்குச் சொன்னதுதான். வேண்டாம். ஒன்று போர் வெடிக்கும், இல்லை அடுத்த வாரம் அதே சொல் உங்கள் மேல் திரும்பும்.

கணக்குப்பிள்ளை: ஆய்வு எல்லாம் இருக்கட்டும். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பதில்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இதுவரை ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே.

கணக்குப்பிள்ளை: மனைவி 8 மாதமாக என்னோடு பேசுவதில்லை. எது சொல்வதானாலும் எங்கள் பெண் மூலம்தான். பெண்ணுக்கு 9 வயது. நானும் இப்போது அவள் மூலம்தான் சொல்கிறேன்.

பதில்: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம் சார். 8 மாத மௌனம் மனைவியின் குணமா, உங்கள் இருவருக்கும் இடையே நடந்த ஏதோ ஒன்றா, எனக்குத் தெரியாது, அதை ஒரு கவுன்சலர் உங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆனால் தூது போகும் வேலையிலிருந்து பெண்ணை இன்றே விடுவிக்க உங்களால் முடியும். அவள் செய்தி கொண்டு வந்தால் 'சரிம்மா, அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். மனைவிக்குச் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லுங்கள், முடியாவிட்டால் போனில் செய்தி அனுப்புங்கள், பதில் வராவிட்டாலும் அப்படியே. ஒரு மாதம் கழித்து வந்து எழுதுங்கள்.