ட்ரோபோனின் அதிகம் என்றால் மாரடைப்பா?

கேள்வி: வயது 58. நாலு வருடமாக சிறுநீரகக் கோளாறு, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 38. நெஞ்சுவலி கிடையாது. செக்கப்பில் ட்ரோபோனின் டி 29 என்று சிவப்பில் வந்தது, 14 வரைதான் இருக்கலாமாம். என்டி-ப்ரோபிஎன்பியும் (இதயம் இழுபடும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) அதிகம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ட்ரோபோனின் 28. "கிட்னியால வர்றது, விடுங்க" என்கிறார் ஒருவர், "இதயம் போச்சு" என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையுமே முழுசாக நம்ப வேண்டாம்.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம், தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். மாரடைப்பு என்றால் சில மணி நேரத்திலேயே மளமளவென்று ஏறி, பிறகு நாள் கணக்கில் இறங்கும். உங்களுக்கோ ஒரு மாத இடைவெளியில் 29, 28 என்று அசையாமல் நிற்கிறது. சிறுநீரகம் தளர்ந்த பலருக்கு, வலியே இல்லாமல், குறிப்பாக ட்ரோபோனினின் டி வகை இப்படித்தான் உயர்ந்தே இருக்கும்.

ஆனால் அந்த "விடுங்க" என்ற பேச்சுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. சிறுநீரகம் சரியாக வெளியேற்றாதது ஒரு காரணம், சரி. வருடக்கணக்கான ரத்த அழுத்தத்தில் இதயச் சுவர் தடித்துப் போவதும், உடம்பில் தங்கும் நீரால் இதயம் இழுபடுவதும் கூட இந்த எண்களை ஏற்றும். உங்கள் நிலையில் இருப்பவர்களில் டயாலிசிஸ் வரை போகிறவர்களை விட, அதற்கு முன்பே இதயத்தால் பாதிக்கப்பட்டு இறப்பவர்கள் அதிகம். ஆகவே ஓர் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், இத்தனை ரத்தப் பரிசோதனை சொன்ன நீங்கள் சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே? அது 30க்குக் கீழே இருக்க வேண்டும், 300ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சேர்த்தே ஆபத்து கூடும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ரத்த அழுத்தம் எவ்வளவில் இருக்க வேண்டும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இன்னும் தரவில்லை என்றால் ஏன் (50 வயதுக்கு மேல், இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே என்றால் கொலஸ்ட்ரால் அளவு எப்படி இருந்தாலும் பரிந்துரைக்கிறார்கள்), சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கத் தரும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எனக்கு ஒத்துவருமா.

 

அந்த இரண்டு ட்ரோபோனின் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கே நெஞ்சு இறுக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ, குப்பென்று வியர்வையோ வந்தால், 'இது பழைய கதை' என்று வீட்டில் உட்காராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ரிப்போர்ட்டோடு. வழக்கமாக 28 என்று தெரிந்தால்தான் அன்றைக்கு வரும் எண் ஏறியிருக்கிறதா என்று அங்கே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்.