வாசகர் கேள்வி – பதில்: இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகள் கொரோனா ஆண்டான 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவள் அப்பா தோல் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த பிறகுதான் கைப்பேசி அவள் கைக்கு வரும். இப்போது அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தமிழைத் திக்கித் திக்கி வாசிக்கிறாள், வகுத்தல் கணக்கு வரவே இல்லை. உறவினர்கள் அவளை மந்தம் என்கிறார்கள். டியூஷனில் சேர்த்தால் சரியாகுமா?
– பீடி சுற்றும் தாய் ஒருவர், குடியாத்தம்

பதில்: முதலில், அந்தச் சொல்லை அவள் காதுபட யாரும் சொல்ல விடாதீர்கள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன; ஆகவே உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பறையைப் பார்க்காமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்தவள். எழுதும் விரலைப் பிடித்துத் திருத்தவும், ல, ள, ழ வேறுபாட்டை வாயசைவில் காட்டவும் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வேண்டும். இரவில் வரும் கைப்பேசியால் அது முடியாது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்ததன்று. கிராமப்புறத் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் சுமார் 41 விழுக்காடு. 2022-இல் அது சுமார் 25 ஆகக் குறைந்ததை, வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வு காட்டியது. அதே வேளையில், இங்கே சுமார் 19,000 கிராமப்புறக் குழந்தைகளைச் சோதித்த மற்றோர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே பாடம் நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’ அரசுத் திட்டத்தால் வந்ததையும் கண்டது. எனவே மீட்பது முடியும் என்று உறுதியாகச் சொல்வேன்.

டியூஷனைப் பொறுத்தவரை, அங்கே ஆறாம் வகுப்புப் பாடத்தையே மறுபடி நடத்துவார்கள் என்றால் பணம்தான் வீண். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 35 என்று எழுதினால், பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள், இடமதிப்பு மனத்தில் பதியவில்லை என்று பொருள். கழித்தல் தடுமாறும் குழந்தைக்கு, அதன் மேல் நிற்கும் வகுத்தல் எப்படி வரும்? ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகப் பீடி நூலால் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் கடன் வாங்கச் செய்யுங்கள். வாசிப்புக்கு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, நீங்கள் பீடி சுற்றும்போதே அவளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் தீர்ந்துபோகும் குழந்தைக்கு வரியின் பொருள் மனத்தில் நிற்பதில்லை. அறிவியலும் சமூக அறிவியலும் கடினமாவது இதனால்தான். தினம் அரைமணி நேரம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது.

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பினருக்கும் அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கைக் கற்பிக்கத் ‘திறன்’ இயக்கம் 2025-இல் தொடங்கப்பட்டது. பெற்றோர் கூட்டம் வரும் வரை காத்திராமல் இந்த வாரமே வகுப்பாசிரியரைச் சந்தித்து, உங்கள் மகள் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறாளா, எந்தக் கணக்கில் தடுமாறுகிறாள் என்று கேளுங்கள். அவள் கழித்தல் போட்ட தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.