வெனிஸுக்குத் தனியாக: இரண்டு இரவுப் பயணத்துக்கான கேள்வி பதில்

தனி ஆள், இரண்டு இரவு, ஏறக்குறைய மூன்று பகல். இந்தக் கணக்கில் வெனிஸ் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. விலையெல்லாம் யூரோவில். படகுக் கட்டணமும் நுழைவு விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை): அக்கா, வெனிஸுக்குள்ள ரூம் வாடகை எக்கச்சக்கமா இருக்கு. பக்கத்து நிலப்பகுதியில இருக்கிற மெஸ்த்ரேல அதைவிட ரொம்பக் கம்மி. ரயில்ல பத்து நிமிஷம்தானே, அங்கேயே தங்கிடலாமா?

பதில்: ஒரு வாரம் தங்குவதானால் சரி என்பேன். இரண்டு இரவுக்கு வேண்டாம். வெனிஸில் கூட்டம் காலை பத்துக்கு வந்து மாலை ஆறுக்குள் வடிந்துவிடும். அதில் பெரும்பகுதி வெளியே தங்கிப் பகலில் மட்டும் வந்துபோகிறவர்கள். மெஸ்த்ரேயில் தங்கினால் நீங்களும் அதே ரயிலில் வந்து, அதே நேரத்தில் அதே சந்துகளில் நெரிபடுவீர்கள். ஊருக்குள் தங்குகிறவருக்குக் காலை ஆறு முதல் ஒன்பதும், இரவு எட்டுக்கு மேலும் கிடைக்கின்றன. கூடுதலாகக் கொடுக்கும் வாடகை அந்த நேரத்துக்கான விலை.

தனி ஆளுக்குப் பெரிய ஓட்டல்களை விடச் சிறு விருந்தினர் இல்லங்களும், கன்னிமடங்கள் நடத்தும் விடுதிகளும் மலிவு. ஒற்றைக் கட்டில் அறை அங்கே கிடைக்கும். மடத்து விடுதிகள் சிலவற்றில் இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு, முன்பதிவின்போதே கேளுங்கள்.

பகுதி என்றால் முதலில் கன்னரேஜோ. சாந்தா லூச்சியா ரயில் நிலையத்திலிருந்து இடப்பக்கம் நடந்தால் குல்யே பாலம் வரை ஒரு படிக்கட்டுகூட ஏற வேண்டியதில்லை. வெனிஸில் சக்கரப் பெட்டியின் எதிரி தூரமல்ல, பாலங்கள்தான். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கப் படிகள். அறை பதியும் முன் நிலையத்திலிருந்தோ படகுத் துறையிலிருந்தோ எத்தனை பாலம் என்று வரைபடத்தில் எண்ணிவிடுங்கள். கஸ்தெல்லோவின் கிழக்குப் பகுதியும் டோர்சோடூரோவும் அடுத்த தெரிவுகள். சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டி எடுக்காதீர்கள். விலையும் அதிகம், சத்தமும் அதிகம்.

மெஸ்த்ரேதான் வழி என்றால், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மட்டும் பாருங்கள்.

கேள்வி: விடுதி முகவரி "கன்னரேஜோ 3000-சொச்சம்" என்று மட்டும் இருக்கிறது. தெருப் பெயரே இல்லையே?

பதில்: வெனிஸ் முகவரி அப்படித்தான். ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்க்கோ, கஸ்தெல்லோ, கன்னரேஜோ, டோர்சோடூரோ, சான் போலோ, சாந்தா க்ரோச்சே. கதவிலக்கம் தெருவுக்கில்லை, பகுதிக்கு. ஒரு பகுதி முழுக்க ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கில் ஓடும். விடுதிக்காரரிடம் மூன்று கேட்டு வாங்குங்கள்: சந்தின் பெயர், பக்கத்துப் படகுத் துறை, பக்கத்துத் தேவாலயம். ஒரே சந்துப் பெயர் வேறு பகுதியிலும் இருக்கும் என்பதால் பகுதிப் பெயரையும் சேர்த்தே தேட வேண்டும்.

ஒடுங்கிய சந்துகளில் கைப்பேசியின் நீலப் புள்ளி தாவும். சுவர்களில் ரியால்டோ, சான் மார்க்கோ, ரயில் நிலையம், பியாத்சாலே ரோமா (பேருந்து நிலையச் சதுக்கம்) என்று அம்புக்குறியோடு மஞ்சள் பலகைகள் இருக்கின்றன; தொலைந்தால் அவற்றைப் பிடித்து ஒரு பெரிய இடத்துக்கு வந்து மறுபடி தொடங்குங்கள். இன்னொன்று: ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெருங்கால்வாயைக் கடக்க மொத்தமே நான்கு பாலங்கள்தான். எதிர்க்கரையில் தெரியும் இடத்துக்கு அரை மணி நேரம் சுற்ற நேரலாம்.

கேள்வி (கோவை, வயது 26): படகு பாஸ் எது வாங்கணும்? 72 மணி நேர பாஸ் எடுத்தாதான் லாபம்னு எல்லாரும் சொல்றாங்க.

பதில்: எல்லாருக்கும் இல்லை. வெனிஸின் நடு ஊரை நடந்தே முடிக்கலாம். வப்போரெட்டோ எனும் பொதுப் படகில் ஒற்றைச் சீட்டு 9.50, 75 நிமிடம் செல்லும். 24 மணி பாஸ் 25, 48 மணி 35, 72 மணி 45. அதாவது ஒரு நாளில் மூன்று முறை ஏறினாலே 24 மணி பாஸ் கட்டுப்படியாகிவிடும். பாஸின் நேரம் வாங்கியபோது அல்ல, முதல் முறை இயந்திரத்தில் தொட்டபோது ஓடத் தொடங்கும். இதை வைத்துத் திட்டமிடுங்கள்: முதல் நாள் மதியம் இரண்டுக்குத் தொட்டால் அன்று மாலை பெருங்கால்வாய்ச் சவாரி, மறுநாள் காலை புரானோ தீவுக்குப் போய் மதியத்துக்குள் திரும்பல். இரண்டு நாள் படகு வேலை ஒரே பாஸில் முடிந்தது. மற்ற நேரம் நடைதான்.

உங்களுக்கு 30 ஆகவில்லை. இளையவர்களுக்கான ரோலிங் வெனிஸ் அட்டை 6 யூரோ, அதோடு 72 மணி பாஸ் 27. ஆக 33க்கு மூன்று நாளும் கவலையில்லை. வயதுச் சான்றுக்குப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

தவறு நடப்பது மூன்று இடங்களில். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் இயந்திரத்தில் தொட வேண்டும். தொடாமல் பிடிபட்டால் அபராதம். அடுத்தது, ரயில் நிலையத் துறையில் பல மேடைகள் இருக்கின்றன, ஒரே எண் படகு எதிர்த் திசைக்கும் போகும். மேடைப் பலகையில் திசையைப் படித்துவிட்டு நில்லுங்கள். மூன்றாவது, 1ஆம் எண்ணும் 2ஆம் எண்ணும் ஒன்றல்ல. 1 பெருங்கால்வாயில் துறை துறையாக நின்று போகும், சான் மார்க்கோ வர முக்கால் மணி ஆகும். 2 வேகம், நிறுத்தம் குறைவு. வேடிக்கைக்கு 1, அவசரத்துக்கு 2. வேடிக்கைக்கான 1ஐ பியாத்சாலே ரோமாவிலேயே ஏறுங்கள். அது தொடக்கத் துறை, உட்கார இடம் கிடைக்கும். அடுத்த துறையான ரயில் நிலையத்திலேயே நிரம்பிவிடும்.

கேள்வி: தனியாகப் போகிறேன். கொண்டோலாவில் என் பங்கை மட்டும் கொடுத்து ஏற முடியுமா?

பதில்: கட்டணம் ஆளுக்கல்ல, படகுக்கு. நகராட்சி நிர்ணயித்தது பகலில் 30 நிமிடத்துக்கு 90, இரவு ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. ஐந்து பேர் வரை ஏறலாம். துறையருகே தயங்கி நிற்கும் இன்னொரு இருவரிடம் நேரடியாகக் கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம். படகோட்டிக்கு ஆட்சேபம் இருக்காது. ஏறும் முன் எத்தனை நிமிடம், மொத்தம் எவ்வளவு என்று வாயால் சொல்லவைத்துவிடுங்கள். பாட்டு தனிக் காசு.

கொண்டோலாவில் கால் வைத்தால் போதும் என்றால் ட்ரகெட்டோ இருக்கிறது. பெருங்கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் பெரிய கொண்டோலா, வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. ரியால்டோ சந்தைக்கும் சாந்தா சோஃபியா துறைக்கும் இடையே ஓடுவதுதான் சுலபமாகச் சிக்கும். சில்லறையைக் கையில் வைத்திருங்கள். இரவில் ஓடாது. சில நிமிடச் சவாரிதான். என் கணக்கில் 90 யூரோ சவாரியை விட இது நேர்மையான பேரம்.

கேள்வி (சூரிச்): அக்கா, நான் இலங்கைப் பாஸ்போர்ட், சுவிஸ் பி பெர்மிட் வைச்சிருக்கிறன். விசா எடுக்க வேணுமோ? ஊருக்குள்ள போறதுக்கே காசு கட்ட வேணும் எண்டும் சொல்லினம், அது என்ன?

பதில்: செல்லுபடியாகும் சுவிஸ் வதிவிடப் பெர்மிட்டும் பாஸ்போர்ட்டும் சேர்ந்து கையில் இருந்தால் இத்தாலி உட்பட ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இரண்டையும் கொண்டு போங்கள், பெர்மிட் அட்டை மட்டும் போதாது. லண்டனில் வசிக்கும் இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

காசு என்பது பகல் வருகைக் கட்டணம். 2024இல் தொடங்கினார்கள். 2025இல் ஏப்ரல் 18க்கும் ஜூலை 27க்கும் இடையே 54 நாட்கள், காலை 8.30 முதல் மாலை 4 வரை. முன்கூட்டியே கட்டினால் 5, கடைசி நாட்களில் கட்டினால் 10. இரவு தங்குகிறவருக்குக் கட்டணம் இல்லை, மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் வருவதால் அங்கே தங்கினாலும் இல்லை. ஆனால் விலக்கு தானாக வராது. நகராட்சித் தளத்தில் பதிந்து கியூஆர் குறியீடு எடுத்து வைக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். விடுதியில் வசூலிக்கும் தங்கும் வரி இதிலிருந்து வேறு.

கேள்வி (மதுரை): நான் சுத்த சைவம்ங்க. மீனில்லாம அங்க பிழைக்க முடியுமா? தனியா டேபிள்ல உக்காரவும் கூச்சமா இருக்கு.

பதில்: கூச்சத்துக்கு வெனிஸில் மருந்து இருக்கிறது. பாக்கரோ எனும் சிறு மதுக்கடைகளில் எல்லாரும் நின்றபடியேதான் சாப்பிடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் சிக்கெட்டி எனும் சிறு தின்பண்டங்கள், ஒன்று பெரும்பாலும் 2 முதல் 4 யூரோ. விரலால் காட்டி நாலைந்து வாங்கினால் ஒரு வேளை முடிந்தது. மது கட்டாயமில்லை.

சைவத்துக்கு: வேகவைத்த ஆர்ட்டிசோக் (பூமொட்டுக் காய்கறி) அடிப்பகுதி, பாலாடைக்கட்டியும் அக்ரூட்டும் வைத்த ரொட்டித்துண்டு, பூசணிக்காய் வைத்தது. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் முட்டையும் ஆஸ்பராகஸும் வைத்த முக்கோணச் சாண்ட்விச்.

ஏமாற்றுபவை வேறு. பிகோலி இன் சல்சா பார்க்க வெங்காயக் குழம்பு நூடுல்ஸ், உள்ளே கரைந்திருப்பது நெத்திலி இன மீன். பொரித்த மொத்சரெல்லா ரொட்டிக்குள் அதே மீனோ பன்றி இறைச்சியோ ஒளிந்திருக்கும். பட்டாணிச் சோறு, பீன்ஸ் சூப் இரண்டிலும் இறைச்சிச் சாறு சேர்வது வழக்கம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: "சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே, நெம்மேனோ அச்சூகே." இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், நெத்திலிகூட வேண்டாம்.

மீன் உண்கிறவர்களுக்கு ஒரு வரி: உணவகப் பட்டியலில் மீன் விலைக்குப் பக்கத்தில் "எட்டோ" என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. முழு மீன் வந்தபின் தலை சுற்றும். மேசைக் கட்டணம் தனியாகச் சேரும். ரியால்டோ மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது.

கேள்வி: நவம்பரில் போகிறேன். வெள்ளம் வந்தால் பயணமே பாழா?

பதில்: முன்பு போல இல்லை. அக்வா ஆல்தா என்பது கடலேற்றம். நிலவின் இழுப்போடு தென்கிழக்குக் காற்றும் சேர்ந்து ஆட்ரியாட்டிக் கடல் நீரைக் காயலுக்குள் தள்ளும்போது வரும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். 2019 நவம்பர் 12இல் கடல்மட்ட அளவுகோலில் 187 செ.மீ. வந்தது (தெருவில் நின்ற ஆழம் அல்ல). 2020 அக்டோபர் முதல் மோசே தடுப்புக் கதவுகள் இயங்குகின்றன: காயலின் மூன்று வாய்களில் 78 கதவுகள். பொதுவாக 110 செ.மீ. எதிர்பார்க்கப்படும்போது தூக்குகிறார்கள். அதற்குக் கீழே வந்தால் கதவு எழாது, ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடம் என்பதால் 80 தாண்டியதுமே நனையத் தொடங்கும்.

ஆகவே நகராட்சியின் முன்னறிவிப்பில் எண்ணைப் பாருங்கள். 80க்குக் கீழ்: கவலையில்லை. 80 முதல் 110: சதுக்கத்தை வேறு மணிக்கு மாற்றுங்கள். இந்த அளவுக்கு ரப்பர் பூட்ஸ் சுமந்து போக வேண்டாம். நீர் ஏறினால் தாழ்ந்த பாலங்களுக்கடியில் படகு நுழையாது, சில வழித்தடங்கள் மாறும். ரயிலோ விமானமோ பிடிக்கும் நாளில் அதற்கு நேரம் விடுங்கள். நவம்பரில் உண்மையான தொல்லை மூடுபனி.

கேள்வி (பெண், தனிப் பயணம்): அக்கா, ராத்திரி பதினோரு மணிக்கு அந்தச் சந்துகள்ல தனியா நடக்கலாமா?

பதில்: நடக்கலாம்மா. மோட்டார் வண்டி கிடையாது, விளக்குகள் உண்டு, வன்முறைக் குற்றம் குறைவு. ஆள் இல்லாத சந்து அங்கே ஆபத்தின் அறிகுறி அல்ல. ஒன்பதுக்கு மேல் ஊர் முழுக்கவே அப்படித்தான். கவனம் வேண்டியது பகலில்: 1ஆம் எண் படகு, ரியால்டோ பாலப் படிகள், ரயில் நிலைய வாசல். மூன்றிலும் ஜேப்படி. பையை முன்பக்கம் போடுங்கள். இரவில் N எழுத்திட்ட படகு ஓடும், இடைவெளி அதிகம். அவசர எண் 112.

கேள்வி: சான் மார்க்கோ தேவாலயம், டோஜ் (வெனிஸின் பழைய ஆட்சித் தலைவர்) அரண்மனை, மணிக்கூண்டு மூன்றையும் ஒரே காலையில் முடிக்கலாமா?

பதில்: முடிக்கலாம், மணிக்கூண்டை விட்டுவிட்டால். அதற்குப் பதில் சான் சக்கரியா துறையில் 2ஆம் எண் படகேறி அடுத்த துறையான சான் ஜோர்ஜோ மஜோரே போங்கள். அங்கும் மணிக்கூண்டில் மின்தூக்கி உண்டு, கூட்டம் குறைவு, சதுக்கமே எதிரில் தெரியும். சான் மார்க்கோ கூண்டில் நின்றால் அந்தக் கூண்டையே பார்க்க முடியாதல்லவா.

அரண்மனை திறக்கும் ஒன்பதுக்கு முதல் ஆளாக நுழைந்துவிடுங்கள். சீட்டு 30, முப்பது நாள் முன்பே வாங்கினால் 25. பிறகு தேவாலயம்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், முதுகுப்பை அனுமதி இல்லை, ஞாயிறு காலை வழிபாட்டுக்கு மட்டும். மேல்மாடத்து அருங்காட்சியகச் சீட்டையும் சேர்த்து எடுங்கள். வெளியே நிற்கும் நான்கு குதிரைகள் நகல், அசல் உள்ளே.

கேள்வி: தீவுகளில் முரானோவா, புரானோவா?

பதில்: அரை நாள்தான் என்றால் புரானோ. ஃபொண்டமென்டே நோவேயில் 12ஆம் எண், முக்கால் மணி நேரம். ஒன்பதுக்கு முன் ஏறுங்கள். இலவச முரானோ சவாரி என்று யாராவது அழைத்தால் அது கண்ணாடிக் கடைக்குத்தான் போய் முடியும்.

கேள்வி: திரும்பும் விமானம் காலையில். மார்க்கோ போலோ விமான நிலையத்துக்குப் படகா, பேருந்தா?

பதில்: பேருந்து. பியாத்சாலே ரோமாவிலிருந்து 10 யூரோ, 25 நிமிடத்துக்குள். அலிலகூனா எனும் விமான நிலையப் படகு அழகுதான், ஆனால் சான் மார்க்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், வப்போரெட்டோ பாஸ் அதில் செல்லாது, துறையிலிருந்து முனையத்துக்கு ஏழெட்டு நிமிடம் நடையும் உண்டு. வரும்போது அதில் வாருங்கள். உங்கள் விமானம் த்ரெவீசோ என்ற வேறு ஊர் விமான நிலையத்திலிருந்தா என்றும் சீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலிவு விமானங்கள் சில "வெனிஸ்" என்று சொல்லி அங்கேதான் இறங்குகின்றன, அதற்குப் பேருந்து வேறு, நேரமும் கூடுதல்.