மாமாவின் பதக்கங்கள் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் தாய்மாமா சென்ற மாதம் காலமானார். 1964இல் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, 1981இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று, பிறகு ஒரு வங்கியில் இரவுக் காவலராக இருந்தவர். என் தந்தை இளவயதில் இறந்தபின் எங்கள் மூவரையும் படிக்கவைத்துக் கரைசேர்த்தவர் அவரே. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1971 போரைப் பற்றிக் கேட்டால், “ஆத்தோரம் கண்ணிவெடி எடுத்தோம், வேறென்ன” என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவருடைய முதலாண்டுத் திதிக்கு ஒரு சிறு நினைவுமலர் கொண்டுவர எண்ணுகிறோம். வீரச் சம்பவம் ஒன்று அதில் அவசியம் என்கிறார்கள் உறவினர்கள். எங்களுக்காகவே அவர் தனித்து வாழ்ந்தார் என்று எழுத நான் விரும்புகிறேன். அவருடைய டிரங்குப் பெட்டியில் பஸ்சிமி ஸ்டார் உட்படச் சில பதக்கங்களும் பழைய கடிதங்களும் இருக்கின்றன. எப்படி எழுதுவது?

ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாமாவுக்கு என் அஞ்சலி. உறவினர்கள் கேட்கும் வீரச் சம்பவத்தை அவர் அந்த ஒற்றை வரியிலேயே சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். எதிரியின் பீரங்கிக் குண்டுகள் விழக்கூடிய வெளியில், பெரும்பாலும் இருட்டில், தரையோடு படுத்து, கூரான கம்பியை மண்ணுக்குள் சாய்வாகச் செலுத்தித் துழாவி, தட்டுப்பட்டதைச் சுற்றிக் கையால் மண்ணை விலக்கி எடுத்து, திறந்த பாதைக்கு வெள்ளை நாடாவால் எல்லை கட்டியபடி முன்னேறுவதுதான் கண்ணிவெடி எடுப்பது. தன்னை நோக்கிச் சுடுபவனை அந்த நேரத்தில் சாப்பரால் திருப்பிச் சுடவும் முடியாது, ஏனென்றால் அவன் கைகள் இரண்டும் மண்ணில் இருக்கின்றன.

1971 டிசம்பரில், மேற்குப் போர்முனையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றை ஒட்டி, மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9ஆவது எஞ்சினியர் ரெஜிமெண்ட் செய்தது இந்த வேலையைத்தான். அதில் முன்னின்ற மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பாதை முழுமையாகத் திறக்கப்படும் முன்னரே பூனா ஹார்ஸ் படையின் டாங்குகள் அதன் வழியாக அக்கரை சென்றன. டிசம்பர் 16 அன்று அங்கே இறந்த, பரம்வீர் சக்கரம் பெற்ற 21 வயது அருண் கேத்தர்பாலை நாடு அறியும். அந்த டாங்குகளுக்கு வழி திறந்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் அவர்களின் சொந்த ஊருக்கே தெரியும்?

ஆனால் உங்கள் மாமா பசந்தரில்தான் இருந்தார் என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். பஸ்சிமி ஸ்டார் அவர் மேற்குப் போர்முனையில் பணியாற்றினார் என்பதற்கு மட்டுமே சான்று. கிழக்கே வங்கத்தில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார். அவர் சொன்ன ஆறு வேறாகவும் இருக்கலாம்; பஞ்சாப் எல்லையிலும் ஆறுகள் உண்டு. சமர் சேவா ஸ்டாரோ ரக்ஷா மெடலோ பெட்டியில் இருந்தால், 1965 போர்க்காலச் சேவையும் கணக்கில் வரும். பதக்கங்களின் விளிம்பையும் பின்புறத்தையும் பாருங்கள், படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கலாம்.

கடிதங்களிலிருந்து இடத்தை அறிவது கடினம். படைவீரர் எங்கிருந்து எழுதினாலும் முகவரி 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோதான் இருக்கும். தேதிகள் அப்படியல்ல. அவற்றை உங்கள் குடும்பத்தின் தேதிகளோடு பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்: யாருடைய காதுகுத்து, யாருடைய சடங்கு, எந்த ஆண்டின் பள்ளிக் கட்டணம், எந்த மாதத்து மணியார்டர். ராணுவப்பேட்டை என்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டை உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காதுகுத்துவதற்காக, அவருக்கு லீவு கிடைக்கும்வரை விழாவைத் தள்ளிப்போட்ட வீடுகளுக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமிருக்காது. ஆண்டுக்கு இரண்டு மாத விடுமுறையை ஒரு மனிதர் யாருக்காகச் செலவழித்தார் என்ற கணக்கு, எந்தப் புகழுரையையும்விட நினைவுமலருக்குப் பொருந்தும். ஆகவே படைவீரருக்கு ஓர் அத்தியாயம், மாமாவுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரிக்காமல், இரண்டையும் ஒரே கால வரிசையில் எழுதுங்கள்.

அவர் உங்களுக்காகவே தனித்திருந்தார் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அவர் எப்போதாவது அப்படிச் சொன்னாரா? உங்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று இருந்திருக்கலாம். தனியாக வாழ்வதே அவருக்குப் பிடித்திருக்கவும் கூடும். அவரே தியாகம் என்று அழைக்காத ஒன்றை, அவர் மறுக்க முடியாத நிலையில் நாம் அப்படி அழைப்பது அவ்வளவு நேர்மையானதாக எனக்குப் படவில்லை. உங்கள் அம்மா இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். தம்பியைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ ஓர் அக்காளுக்கும் தங்கைக்கும் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் பணியாற்றிய பிரிவு இருக்கும். அது தொலைந்திருந்தால், பென்ஷன் ஆணையிலுள்ள படை எண்ணைக் குறிப்பிட்டு, மெட்ராஸ் சாப்பர்ஸின் முறையான பெயரான மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் பெங்களூர் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். வேலூரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதற்கு வழிசொல்வார்கள். பதில் வரத் தாமதமாகலாம் என்பதால், திதிக்குக் காத்திராமல் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.